1914: போர் எந்தத் தேதியில் தொடங்கியது?

1914 ஜூலை 29, புதன்கிழமை, இரவு ஒன்பதரை மணி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தலைமைத் தந்தி நிலையத்தில் ஜெனரல் தோப்ரரோல்ஸ்கி ஒரு காகிதத்தோடு நிற்கிறார். ரஷ்யா முழுவதும் பொதுப் படைதிரட்டல் என்கிற ஆணை அது. ஜார் மன்னரின் ஒப்புதல் இருக்கிறது. போர், கடற்படை, உள்துறை ஆகிய மூன்று அமைச்சர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உள்துறை அமைச்சர் மக்லகோவ், சாமி படங்களும் விளக்கும் இருந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார் என்று ஜெனரல் பின்னாளில் எழுதினார். தந்தி ஊழியர்கள் கருவிகளுக்கு முன்னால் தயாராக இருக்கிறார்கள். அந்த நேரத்தில் தொலைபேசி அடிக்கிறது. மறுமுனையில் தலைமைத் தளபதி யானுஷ்கேவிச். அனுப்ப வேண்டாம், நிறுத்துங்கள் என்கிறார்.

கைசரிடமிருந்து, அதாவது ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்மிடமிருந்து வந்த ஒரு தந்தியைப் படித்துவிட்டு ஜார் மனம் மாறியிருந்தார். கைசர் அவருக்கு உறவுக்காரர். ஒருவருக்கொருவர் 'வில்லி', 'நிக்கி' என்று கையெழுத்திட்டு ஆங்கிலத்தில் தந்தி அனுப்பிக்கொள்கிற பழக்கம். மறுநாள் பிற்பகல் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் அரண்மனைக்குப் போய் நீண்ட நேரம் பேசி ஜாரைச் சம்மதிக்க வைத்தார். இன்னொரு முறை மனம் மாறிவிட்டால் என்ன செய்வது? அடுத்த உத்தரவு காதில் விழாதபடி தொலைபேசியையே உடைத்துவிடுகிறேன் என்று யானுஷ்கேவிச் முன்பே சொல்லியிருந்தார். சம்மதம் கிடைத்ததும் சசோனோவ் அவரைக் கூப்பிட்டு, இனி தாராளமாக உடைத்துக்கொள்ளலாம் என்றார். அன்று மாலை தந்திகள் போயின. இரண்டு நாளில் ஜெர்மனி ரஷ்யா மீது போர் அறிவித்தது.

அப்படியானால் முதல் உலகப் போரைத் தொடங்கியது ரஷ்யாவா? 1920களின் ஜெர்மானியரைக் கேட்டால் 'சந்தேகமே இல்லை' என்பார். அதே ஆண்டுகளில் ஒரு பிரெஞ்சுக்காரரைக் கேட்டால், நீங்கள் கதையை நடுவிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள் என்பார். இந்த வழக்கின் சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது. கதையை எந்தத் தேதியில் தொடங்குகிறோமோ, பாதித் தீர்ப்பை அங்கேயே எழுதிவிடுகிறோம். ஜூன் 28 என்றால் குற்றவாளி செர்பியா. ஜூலை 5 என்றால் ஜெர்மனி. ஜூலை 23 என்றால் ஆஸ்திரியா. ஜூலை 30 என்றால் ரஷ்யா. பிரான்சும் ஜெர்மனியும் மோதிய 1870 போருக்கே போய்விட்டால் எல்லோரும்தான், அதாவது யாருமில்லை.

பள்ளியில் நாம் படித்த விடை நினைவிருக்கும். அடிப்படைக் காரணங்கள்: ரகசிய உடன்படிக்கைகள், ராணுவவாதம், தீவிர தேசியவாதம், ஏகாதிபத்தியம். உடனடிக் காரணம்: சரயேவோ படுகொலை. எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் அந்த நான்கும் 1908இல் பாஸ்னியா தகராறின்போதும் இருந்தன, 1911இல் மொராக்கோ தகராறின்போதும் இருந்தன, 1912-13 பால்கன் போர்களின்போதும் இருந்தன. அப்போதெல்லாம் பெரும்போர் வரவில்லையே, ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சரி, சம்பவத்துக்கு வருவோம்.

ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரிய-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் மனைவி சோஃபியும், ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த பாஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில் திறந்த காரில் போகிறார்கள். காலையில் ஒருவன் குண்டு வீசினான். அது இளவரசரின் கார்மேல் பட்டுத் தெறித்து, பின்னால் வந்த காருக்கடியில் வெடித்தது. வீசியவன் விஷத்தை விழுங்கிவிட்டு ஆற்றில் குதித்தான். விஷம் வாந்தியோடு போயிற்று, கோடைக்காலம் என்பதால் ஆற்றில் தண்ணீரும் இல்லை. நகர்மன்ற வரவேற்பு முடிந்ததும், காயமடைந்த அதிகாரியை மருத்துவமனையில் போய்ப் பார்க்கலாம் என்றார் இளவரசர். அதற்காகப் பாதையை மாற்றினார்கள், ஓட்டுநரிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் பழைய திட்டப்படி லத்தீன் பாலத்தருகே வலப்புறம் திரும்பினார். ஆளுநர் போட்டியோரெக் 'தப்பான வழி' என்று கத்த, கார் நின்றது. நின்ற இடத்துக்குச் சில அடி தூரத்தில் பத்தொன்பது வயது கவ்ரிலோ பிரின்சிப் கைத்துப்பாக்கியோடு நின்றான். இரண்டே குண்டு.

(பிரின்சிப் அப்போது சாண்ட்விச் வாங்கிக்கொண்டிருந்தான் என்று இணையத்தில் சுற்றும் கதை பிற்காலக் கற்பனை. உண்மை நடப்பே போதுமான அளவுக்கு விசித்திரமாக இருக்கிறது.)

கார் தப்பாகத் திரும்பியது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த மாதிரிதான், ஆனால் கொலைத் திட்டம் அப்படியல்ல. துப்பாக்கிகளும் குண்டுகளும் செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து வந்தவை. கொடுத்தது 'கறுப்புக் கை' என்ற ரகசிய அமைப்பு. அதன் மூளை, 'ஆபிஸ்' (Apis) என்ற பட்டப்பெயர் கொண்ட திமித்ரியேவிச். இவர் செர்பிய ராணுவத்தின் உளவுப்பிரிவுத் தலைவரும்கூட. பிரதமர் பஷிச்சுக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. ஆகவே 'செர்பியா செய்தது' என்பதும் சரி, 'செர்பிய அரசு செய்யவில்லை' என்பதும் சரி. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தேவைப்படவில்லை. அங்கே தலைமைத் தளபதி கான்ராட் 1913இல் மட்டுமே இருபத்தைந்து முறை செர்பியா மீது போர் வேண்டும் என்று கேட்டிருந்தார். அவரைத் தொடர்ந்து தடுத்துவந்த முக்கியமான ஆள் இளவரசர் ஃபெர்டினாண்ட். அவர்தான் இப்போது இல்லை.

அடுத்த தேதி ஜூலை 5. ஆஸ்திரியத் தூதர் போட்ஸ்டாமில் கைசரோடு மதிய உணவு சாப்பிட்டார். என்ன செய்தாலும் ஜெர்மனி துணை நிற்கும், ரஷ்யா தலையிட்டாலும் சரி என்ற வாக்கு அங்கே கிடைத்தது. தொகை எழுதாத செக் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதைத்தான். மறுநாள் அதை ஜெர்மன் பிரதமர் பெத்மான் ஹோல்வெக்கும் உறுதி செய்தார். கைசர் வழக்கம்போல நார்வேக்குக் கப்பலில் விடுமுறைக்குக் கிளம்பிவிட்டார்.

செக்கை வாங்கிய வியன்னா அதை மாற்றவே இரண்டரை வாரம் எடுத்துக்கொண்டது. ஹங்கேரியப் பிரதமர் டிசா போர் வேண்டாம் என்றார், அவரைச் சரிக்கட்ட ஒரு வாரம் போயிற்று. சிப்பாய்களில் பலர் அறுவடை விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்கள். அப்புறம், பிரெஞ்சு அதிபர் போயன்காரே ஜூலை 20 முதல் 23 வரை ரஷ்யாவில் இருந்தார். அவரும் ஜாரும் ஒரே இடத்தில் இருக்கும்போது செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை கொடுத்தால் உடனே கூடிப் பேசிவிடுவார்கள். ஆகவே அவர் கப்பலேறும் நேரம் பார்த்து, ஜூலை 23 மாலை ஆறு மணிக்குப் பெல்கிரேடில் கொடுத்தார்கள். 48 மணி நேரக் கெடு. கொலை சூடாக இருந்தபோதே அடித்திருந்தால் ஐரோப்பா வருத்தப்பட்டுவிட்டு ஒதுங்கியிருக்கலாம். ஏறக்குறைய நான்கு வாரம் கழித்து வந்தபோது அது கோபமாகத் தெரியவில்லை, திட்டமாகத் தெரிந்தது.

செர்பியாவின் பதிலைப் பஷிச் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆஸ்திரியாவின் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சம்மதம் அல்லது பாதிச் சம்மதம், ஆனால் செர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கெடுப்பது முடியாது. ஆஸ்திரியத் தூதர் கீசல் பெட்டி படுக்கையைக் கட்டித் தயாராக வைத்திருந்தார். பதிலில் கண்ணை ஓட்டிவிட்டு ஆறரை மணி ரயிலைப் பிடித்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லலாமா தெரியவில்லை. ஜூலை 28 காலையில் அந்தப் பதிலைப் படித்த கைசர், போருக்கான காரணமே இதோடு போயிற்று என்று ஓரக்குறிப்பு எழுதினார். ஆஸ்திரியா வேண்டுமானால் பெல்கிரேடை மட்டும் பிணையாகப் பிடித்துவைத்து நின்றுகொள்ளட்டும் என்றார். அதை வியன்னாவுக்குச் சொல்ல வேண்டியவர் பெத்மான். இரவு வரை தாமதித்தார், அனுப்பியபோதும் 'போருக்குக் காரணம் இல்லை' என்ற கைசரின் கருத்தை விட்டுவிட்டார். அதற்குள் ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது, அதுவும் சாதாரணத் தந்தியில். முதிய பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃபிடம் அந்த அறிவிப்பில் கையெழுத்து வாங்கும்போது, தேமெஸ்-குபின் என்ற இடத்தில் செர்பியர்கள் நம் படைமீது சுட்டுவிட்டார்கள் என்று வெளியுறவு அமைச்சர் பெர்ச்டோல்ட் சொல்லியிருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கையெழுத்தான பிறகு அந்த வரியை அவரே அடித்துவிட்டார்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. போர் தொடங்கிய சில வாரங்களிலேயே நாடுகள் தங்கள் தூதரகக் கடிதங்களைத் தேர்ந்தெடுத்துப் புத்தகமாகப் போட ஆரம்பித்தன. ஜெர்மனிக்கு வெள்ளை, பிரிட்டனுக்கு நீலம், ரஷ்யாவுக்கு ஆரஞ்சு, பிரான்சுக்கு மஞ்சள், ஆஸ்திரியாவுக்குச் சிவப்பு. எல்லாவற்றிலும் கத்தரி விளையாடியிருந்தது. ரஷ்யாவுக்கு முன்பே ஆஸ்திரியா பொதுப் படைதிரட்டலை அறிவித்துவிட்டதாகக் காட்ட, பிரெஞ்சு மஞ்சள் புத்தகத்தில் ஒரு தந்தியையே திருத்தி எழுதினார்கள். உண்மையில் ரஷ்யாதான் முதலில்.

1919 வெர்சாய் உடன்படிக்கையின் 231ஆம் பிரிவு, இழப்புகளுக்கு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்றது. 'குற்றம்' என்ற சொல் அதில் இல்லை. இருந்தாலும் ஜெர்மானியர் அதைக் குற்றப்பத்திரிகையாகத்தான் வாசித்தார்கள். வெளியுறவு அமைச்சகத்தில் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவு திறந்து, 1922 முதல் 1927 வரை நாற்பது பகுதிகளாக ஆவணங்களை அச்சிட்டுத் தள்ளினார்கள். பிரிட்டனும் பிரான்சும் பீரோவைத் திறக்க இன்னும் தயங்கிக்கொண்டிருந்த காலம். ஆராய்ச்சி செய்ய வருகிறவருக்குக் கைக்குக் கிடைத்தது ஜெர்மன் காகிதம்தான். 1930களில் 'யாரும் விரும்பவில்லை, எல்லோரும் வழுக்கி விழுந்தோம்' என்ற விளக்கம் பரவியதில் இந்தக் காகிதக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் லாயிட் ஜார்ஜும் தம் நினைவுக்குறிப்புகளில் அதையே சொன்னார். போர்க்காலத்தில் தலைமை தாங்கியவருக்கு வசதியான விளக்கம்தான்.

இதை உடைத்தவர் ஹாம்பர்க் வரலாற்றாசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர். 1961இல் வந்த அவருடைய நூல், ஜெர்மனி ஐரோப்பாவை ஆளும் நோக்கத்தோடு போரை வேண்டித் தேடிப் போனது என்றது. சொன்னவர் ஜெர்மானியர், ஆதாரம் ஜெர்மன் ஆவணம். ஊரே கொதித்தது. 1964இல் அவருடைய அமெரிக்கச் சொற்பொழிவுப் பயணத்துக்குக் கொடுத்த அரசுப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஃபிஷர் காட்டிய இரண்டு சான்றுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்று அவ்வளவாக நிற்கவில்லை என்பது என் எண்ணம். பெல்ஜியத்தையும் பிரான்சின் சுரங்கங்களையும் எப்படி வசப்படுத்துவது என்று திட்டமிடும் 'செப்டம்பர் திட்டம்' உண்மைதான். ஆனால் அதன் தேதி 1914 செப்டம்பர் 9. போர் தொடங்கி ஐந்து வாரம் ஆகிவிட்டது. கையில் வந்தால் என்ன எடுத்துக்கொள்ளலாம் என்பதை வைத்து, எதற்காக இறங்கினார்கள் என்று சொல்வது கடினம். இன்னொன்று, 1912 டிசம்பர் 8 அன்று கைசர் கூட்டிய தளபதிகள் கூட்டம். போர் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது என்றார் ஜெர்மன் தலைமைத் தளபதி மோல்ட்கே. கப்பற்படைத் தலைவர் டிர்பிட்ஸ் ஒன்றரை ஆண்டு அவகாசம் கேட்டார். பெரிய போர்க்கப்பல்கள் போவதற்காகக் கீல் கால்வாயை அகலப்படுத்தும் வேலை முடிந்தது 1914 ஜூனில். கணக்கு அச்சாக ஒட்டுகிறது! ஆனால் அந்தக் கூட்டத்தைக் குறிப்பெடுத்த அட்மிரல் முல்லரே, முடிவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று எழுதிவைத்தார். தானியச் சேமிப்பு, நிதி ஏற்பாடு எதுவும் அதைத் தொடர்ந்து நடக்கவில்லை. ஆக அது திட்டமில்லை, ஆனால் மனநிலையைக் காட்டுகிறது. ரஷ்யாவின் படைப்பெருக்கம் 1917இல் முடிந்துவிடும், அதற்குப் பிறகு வெல்லவே முடியாது என்ற பயம் பெர்லினில் பலரிடம் இருந்தது. பேராசையைவிட இந்தப் பயம்தான் எனக்கு நம்பத்தக்கதாகத் தெரிகிறது.

அடுத்தது ரயில் அட்டவணை விளக்கம். 1960களின் முடிவில் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஏ.ஜே.பி. டெய்லர் இதை எடுத்துவைத்தார். யாரும் போரை முடிவு செய்யவில்லை, கால அட்டவணைதான் முடிவு செய்தது என்கிற வாதம். கேட்க எழுத்தாளர் சாமர்த்தியம் மாதிரி இருந்தாலும் உள்ளே விஷயம் இருக்கிறது. பெல்ஜியம் வழியாகப் பிரான்சைத் தாக்கும் ஜெர்மனியின் திட்டத்துக்குப் பதினோராயிரம் ரயில்கள் தேவை. கொலோன் நகரின் ஹோஹென்சொலர்ன் பாலத்தை மட்டும் ஆகஸ்ட் 2 முதல் 18 வரை 2,150 ரயில்கள் கடந்தன. ராத்திரி பகல் பார்க்காமல் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று. அதைவிட முக்கியம், மற்ற நாடுகள் படையைத் திரட்டி எல்லையில் நிறுத்தலாம். ஜெர்மனியால் அது முடியாது, ஏனென்றால் படை திரட்டிய சில நாட்களுக்குள் பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டையைப் பிடித்தாக வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. பிரதமர் பெத்மானுக்கே இந்தச் செய்தி கடைசி நேரத்தில்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 1 மாலை பெர்லின் அரண்மனைக்கு ஒரு தந்தி வந்தது. பிரிட்டன் ஒதுங்கி நிற்கலாம், பிரான்சும் சும்மா இருக்கலாம் என்று லண்டனிலிருந்து தூதர் லிக்னோவ்ஸ்கி அனுப்பியது. கைசர் ஷாம்பெயின் கொண்டுவரச் சொன்னார். மோல்ட்கேயைக் கூப்பிட்டு, மொத்தப் படையையும் கிழக்கே ரஷ்யா பக்கம் திருப்பு என்றார். முடியாது, ஓராண்டு உழைத்துப் போட்ட ஏற்பாடு, மாற்றினால் கையில் இருப்பது படையாக இருக்காது, கூட்டமாக இருக்கும் என்றார் மோல்ட்கே. உன் பெரியப்பா வேறு பதில் சொல்லியிருப்பார் என்று கைசர் குத்தினார் (1870 போரை வென்ற மூத்த மோல்ட்கேயைச் சொல்கிறார்). இரவு பதினொரு மணிக்கு மேல் லண்டனிலிருந்து உண்மை நிலவரம் வந்தது, லிக்னோவ்ஸ்கி தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று. இனி உன் விருப்பப்படி செய் என்று கைசர் சொல்லிவிட்டார். ஆனால் முடியாது என்று மோல்ட்கே சொன்னது உண்மையா? ரயில்வே பிரிவைச் சேர்ந்த ஸ்டாப் என்ற தளபதி 1925இல் ஒரு நூலே எழுதி, எப்படித் திருப்பியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தண்டவாளத்தின் மேல் பழி போடுவது ஆட்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

உடன்படிக்கைகள் இழுத்துவிட்டன என்ற பாடப்புத்தக விளக்கத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் 1882 முதல் ஒப்பந்தம் வைத்திருந்த இத்தாலி நடுநிலை என்று ஒதுங்கியது. ருமேனியாவும் அப்படியே. கையெழுத்து யாரையும் கட்டவில்லை, கட்டுப்பட நினைத்தவர்கள் கட்டுப்பட்டார்கள். முதலாளிகளின் சந்தைப் போட்டி என்ற லெனினின் விளக்கத்துக்கும் இந்த ஐந்து வாரத்தில் பிடி கிடைப்பதில்லை. பாக்தாத் ரயில்பாதைத் தகராறைப் பிரிட்டனும் ஜெர்மனியும் 1914 ஜூனில்தான் பேசித் தீர்த்திருந்தன. போர் வேண்டாம் என்று லண்டனில் பதறியவர்களில் வங்கிக்காரர்களும் உண்டு. நீண்டகாலப் பகைக்கு அது விளக்கமாக இருக்கலாம், ஜூலை மாதத்துக்கு இல்லை.

2012இல் கிறிஸ்டோபர் கிளார்க் எழுதிய நூல் ஃபிஷருக்கு நேர் எதிர்த்திசையில் போனது. தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி எல்லாத் தலைநகரங்களும் பள்ளத்தை நோக்கி நடந்தன, குற்றவாளியைத் தேடுவதை விட்டுவிடுங்கள் என்றார். ஜெர்மனியில் அமோக விற்பனை, ஆச்சரியமில்லை. பால்கன் அரசியலை அவ்வளவு நுணுக்கமாக அதற்கு முன் பலர் எழுதவில்லை. ஆனால் நூலின் தொடக்கத்தைக் கவனியுங்கள். 1903 ஜூன் இரவில் செர்பிய ராணுவ அதிகாரிகள் தங்கள் அரசரையும் அரசியையும் வெட்டிக் கொன்ற காட்சி. சதிக் கூட்டத்தில் அதே 'ஆபிஸ்' திமித்ரியேவிச் இருக்கிறார். முதல் பக்கத்திலேயே செர்பியா நம் மனத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறது. யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன் என்று சொல்பவரும் தேதியைத் தேர்ந்தெடுக்காமல் இருக்க முடியவில்லை.

என் தேதியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு. ஜூலை 5 முதலாவது. வியன்னா ஒரு சின்னப் போரை விரும்பியது, பெரிய போர் வரலாம் என்று தெரிந்தே பெர்லின் அதற்கு உரிமம் கொடுத்தது. தூக்கத்தில் நடந்தவர்கள் போயன்காரே எப்போது கப்பலேறுவார் என்று பார்த்துக் காத்திருக்க மாட்டார்கள். இரண்டாவது ஜூலை 30. அன்று ரஷ்யா பொதுப் படைதிரட்டலை ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தால் நிற்க இடம் இருந்தது. அதற்கு முந்தைய இரவுதான் பெத்மான் முதன்முறையாகப் பயந்துபோய், பெல்கிரேடில் நில்லுங்கள் என்று வியன்னாவை நெருக்க ஆரம்பித்திருந்தார். அதே ஜூலை 30 அன்று மோல்ட்கே தன் போக்கில், உடனே படை திரட்டுங்கள் என்று கான்ராடுக்குத் தந்தி அடித்தார். இரண்டையும் பார்த்த பெர்ச்டோல்ட், பெர்லினில் ஆட்சி செய்வது யார், மோல்ட்கேயா பெத்மானா என்று கேட்டார். நியாயமான கேள்வி. இத்தாலியப் பத்திரிகையாளர் அல்பெர்தினி, உயிரோடிருந்த அதிகாரிகளைத் தேடிப்போய்க் கேட்டு 1940களில் வெளியான மூன்று பெரிய தொகுதிகளில் ஏறத்தாழ இந்த முடிவுக்குத்தான் வந்தார். அவருக்குப் பிறகு வந்தவை பல நுணுக்கங்களைத் திருத்தியிருக்கின்றன, எலும்புக்கூட்டை அவ்வளவாக மாற்றவில்லை என்பது என் வாசிப்பு.

பிரிட்டன்? ஜூலை முழுக்க அயர்லாந்துப் பிரச்சினையில் மூழ்கியிருந்தது. வெளியுறவு அமைச்சர் கிரே முன்பே உறுதியாகப் பேசியிருந்தால் ஜெர்மனி பின்வாங்கியிருக்கும் என்கிறவர்கள் உண்டு. அமைச்சரவையில் பாதிப்பேர் போருக்கு எதிராக இருக்கும்போது அவர் எதை வைத்து உறுதி சொல்வார்? ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்ததும் அந்தத் தயக்கம் முடிந்தது. ஆனால் ஐரோப்பியப் போர் உலகப் போரானது அந்த இரவில்தான். இந்தியாவை யாரும் கேட்கவில்லை, வைஸ்ராய் அறிவித்தார், நாமும் போரில் இருந்தோம். சரியாக ஏழு வாரம் கழித்து, செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுக் கொளுத்தியது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த எம்டன்.

பிரின்சிப்புக்கு இருபது வயது நிரம்பாததால் தூக்கு இல்லை, இருபது ஆண்டுச் சிறை. தெரேசின் கோட்டையில் எலும்புக் காசநோய் வந்து ஒரு கையை எடுத்தார்கள். 1916இல் மருத்துவர் பாப்பன்ஹைம் அவனோடு சில முறை பேசிக் குறிப்பெடுத்தார். தான் செய்த கொலையால் இந்தப் போர் வந்தது என்று அவனால் நம்ப முடியவில்லை என்று அதில் இருக்கிறது. 1918 ஏப்ரல் 28 அன்று இறந்தான். அப்போது போர் முடிய இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது.